பூட்டுக்காரியின் நடுக் கட்டம்

ஜனவரி 6

ஓவியருக்கு,

ஐம்பத்தேழாம் இதழுக்கான சித்திரக்கதை ஸ்கிரிப்ட் இத்துடன் இருக்கிறது. இருபத்திரண்டு பக்கம். வழக்கம்போல நீங்கள் படங்களை வரைந்து, வசனப் பலூன்களைக் காலியாக விட்டு அனுப்புங்கள். வசனத்தை என் கையெழுத்தில் எழுதி அச்சகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். போன் வேண்டாம். நாம் ஒருமுறை போனில் பேசியதால் இதழ் பதினோரு நாள் தாமதமானதை ஆசிரியர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

ஒரு புகார். 'பூட்டுக்காரி பூட்டுகிறாள், போகிறாள்' என்று நான் எழுதினால் அது ஒரே கட்டம். நீங்கள் அதை மூன்றாக்குகிறீர்கள். முதல் கட்டத்தில் பூட்டுகிறாள், சரி. மூன்றாவதில் போகிறாள், அதுவும் சரி. நடுவில் ஒரு கட்டம் எங்கிருந்து முளைத்தது? பூட்டிய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். ஊரில் கண்டவர் வீட்டையெல்லாம் வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகிறவள் அவள். அவள் பூட்டினால் அவளாக நினைத்தாலொழிய திறக்காது. அப்படிப்பட்டவள் கதவடியில் நின்று யோசித்தால் படிக்கிறவனுக்கு எப்படிப் பயம் வரும்? இதைப் பத்து இதழாகக் கரடியாய்க் கத்துகிறேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக எல்லாரையும் காப்பாற்றும் நம் கதாநாயகனுக்கு இந்த மாதம் வந்த வாசகர் கடிதம் நான்கு. அவளுக்கு நாற்பத்தொன்று. அலுவலக விதிப்படி அவற்றை உங்களுக்கு அனுப்புகிறேன், என் விருப்பத்தால் அல்ல.

அறுபதாம் இதழில் அவளை முடித்துவிடப் போகிறேன். அவள் பூட்டிலேயே அவள் மாட்டிக்கொள்வாள். கட்டடம் எரியும். ஏணி ஒரு படி குறையும். ஆசிரியர் அரைமனதாகத் தலையாட்டியிருக்கிறார்.

உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள். பதின்மூன்று வயதுக்கு வளர்த்தி அதிகம், என் தோளைத் தாண்டிவிட்டாள். நம் பத்திரிகையை அவள் படிப்பதில்லை. பக்கங்களைக் கிழித்து நோட்டுகளுக்கு அட்டை போடுகிறாள்.

கதாசிரியை


ஜனவரி 19

சின்னவளுக்கு,

உன்னை நான் வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. நீ என்னை ஓவியர் என்றே எழுது, பரவாயில்லை. வீட்டுக்காரரின் தங்கை அண்ணி என்று கூப்பிடாவிட்டால் உறவு போய்விடாது. நான்கு வருடத்தில் அதைத் தெரிந்துகொண்டேன்.

இருபத்திரண்டு பக்கமும் வரைந்துவிட்டேன். இந்த அறைக்குக் கீழே சலவைக் கடை. இஸ்திரி ஆவி தரை வழியாக ஏறி வந்து காகிதத்தை நனைத்துவிடுகிறது. ஆறாம் பக்கத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கும், புகை என்று நினைத்துக்கொள்வார்கள். பகல் வேலை அப்படியே போகிறது. பாடப்புத்தகத்துக்கு இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைகிறேன். ஆறு மாதத்தில் இது மூன்றாவது இதயம்.

நாற்பத்தொரு கடிதத்தையும் படித்தேன். ஒரு பஸ் டிரைவர் எழுதியிருக்கிறார்: "ஏணிக்காரனுக்கு எல்லாம் தெரிகிறது. எல்லாம் தெரிந்தவனோடு எனக்கு என்ன பேச்சு? அந்தப் பொம்பளைக்குத்தான் நான் பேசினால் புரியும் போலிருக்கிறது." ஒரு ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், "குற்றவாளிதான், தண்டனை கொடுங்கள், ஆனால் அந்த முகத்தை மாற்றிவிடாதீர்கள்" என்று கேட்கிறார். ஒரு கல்லூரிப் பெண், "உங்கள் கதையில் களைப்பாகத் தெரிகிற ஒரே ஆள் அவள்தான்" என்கிறாள். இதற்கு மேல் யோசித்தால் கை ஓடாது என்று கட்டி வைத்துவிட்டேன்.

நடுக் கட்டத்தைப் பற்றி. நீ எழுதுகிற எதையும் நான் விடவில்லை. பூட்டுகிறாள் என்கிறாய், பூட்ட வைக்கிறேன். போகிறாள் என்கிறாய், போக வைக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கும் அல்லவா? அதை வரையாமல் என்னால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியவில்லை.

பதினேழாம் பக்கம் நடுக் கட்டத்தில் இந்த முறை ஒரு பலூன் கூடுதலாக வரைந்திருக்கிறேன். அவள் அங்கே ஏதோ சொல்கிறாள் என்று தோன்றியது. என்ன என்று எனக்குத் தெரியவில்லை. வசனம் உன் வேலை. எழுதிவிடு.

அவளை முடிப்பது பற்றி இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

மகள் கண்ணாடி போட்டிருக்கிறாளா? அவள் வயதில் எனக்குக் கரும்பலகை தெரியாமல் போயிற்று. மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன், பதில் வருவதில்லை. பிரிக்கிறாளா என்று மட்டும் சொன்னால் போதும்.

அண்ணி


மார்ச் 2

ஓவியருக்கு,

ஐம்பத்தேழாம் இதழைப் பார்த்திருப்பீர்கள். பதினேழாம் பக்கத்தில் அவள் கதவில் கையை வைத்து நிற்கிறாள், தலைக்கு மேல் பலூன், பலூனுக்குள் வெறும் வெள்ளை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். உங்கள் கூடுதல் பலூனுக்கு நான் வசனம் எழுதவில்லை. ஸ்கிரிப்டில் இல்லாததற்கு நான் ஏன் எழுத வேண்டும்? ஓரத்தில் பென்சிலால் 'இந்தப் பலூனை அழிக்கவும்' என்று அச்சகத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அங்கே ஒரு புது ஆள். பென்சில் கோடு எதுவும் அச்சில் விழக் கூடாது என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் சுத்தமாக வேலை செய்தான். என் குறிப்பை அழித்துவிட்டுப் பலூனை விட்டுவிட்டான்.

ஆசிரியர் இரண்டு நாள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். மூன்றாம் நாள் தபால் வந்தது. இன்றைக்குக் கணக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஆளாளுக்கு எழுதி அனுப்புகிறார்கள். அந்தப் பக்கத்தையே கத்தரித்து, பலூனுக்குள் எழுதி அனுப்புகிறார்கள். "மன்னிச்சுக்கோ" என்பது எண்பது பேர். "நான் இல்லேன்னாலும் நேரத்துக்குச் சாப்பிடு" என்பது இருபதுக்குக் குறையாது. ஒருவர், "பால் அடுப்புல இருக்கு, பொங்கிடப் போகுது." அதைப் படித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே நான் குரங்குதான் பிடித்தேன், அதற்குப் போய் ஊரே கும்பிடு போடுகிறது. அவள் என்ன சொன்னாள், அவளை ஏன் பிடிக்கிறது என்று ஆசிரியர் போட்டியே அறிவித்துவிட்டார். அவளைக் கொல்லக் கூடாது என்கிறார். அதோடு விட்டாரா? இவள் ஏன் பூட்டுகிறாள் என்று அவளுடைய பழைய கதையை எழுதச் சொல்கிறார்.

எனக்குத் தெரிந்த காரணத்தை எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. எனக்குத் தெரிந்த ஒருத்தி, நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், புருஷனையும் ஒன்பது வயதுப் பிள்ளையையும் உள்ளே வைத்து, வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, சாவியோடு போய்விட்டாள். என் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. மத்தியானம் இரண்டு தெரு தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது பூட்டுக்கடைக்காரர் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். உங்கள் மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை. அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்தவள்தான் நான், இன்னும் என் வீட்டுக்குத் திரும்பவில்லை. பூட்டுக்காரியை அந்த வாரமே எழுத ஆரம்பித்தேன். யாரை நினைத்து எழுதினேன் என்று உங்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் உங்கள் முகத்தையே அவளுக்கு வரைந்து அனுப்பினீர்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கண்ணாடி போடவில்லை. உங்கள் கடிதங்களைப் பிரிக்கிறாளா என்று தெரியாது. வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்.

கதாசிரியை


மார்ச் 9

சின்னவளுக்கு,

முகம் என்னுடையதுதான். நீ எழுதியதைப் படித்ததும் வேறு எந்த முகமும் பொருந்தவில்லை. என்னைத் திட்டி யாராவது ஒரு பக்கம் எழுதினால் அதை நானே வரைவது நல்லது, இன்னொருவர் வரைந்தால் மூக்கைக் கோணலாக்கிவிடுவார்கள்.

ஆனால் ஒன்று. சாவியை நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. பூட்டிவிட்டு, கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியில் உள்ளே தள்ளினேன். ஐந்து நிமிடத்தில் உன் அண்ணன் எடுத்து, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டில் கொடுத்துத் திறந்திருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போனில் நீ 'சாவிக்காரி' என்று கத்தினபோது ஆத்திரத்தில் பேசுகிறாய் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். மத்தியானம் வரை, சுத்தியல், பூட்டுக்கடைக்காரர், இதெல்லாம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஏன் பூட்டினேன் என்றால், அதற்கு முன் இரண்டு தடவை கிளம்பித் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். கதவு சும்மா சாத்தியிருந்ததால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சமையலை ஆரம்பித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. மூன்றாவது தடவை பூட்டினேன். அவர்களை உள்ளே வைக்க அல்ல. நான் திரும்பி நுழையாமலிருக்க. சாவி என் கையில் இருந்தால் திறந்துவிடுவேன் என்றுதான் உள்ளே தள்ளினேன்.

பிறகு கொஞ்ச நேரம் நின்றேன். அதைத்தான் நீ வேண்டாம் என்கிறாய்.

அண்ணி


மார்ச் 14

ஓவியருக்கு,

சாவி உள்ளே வரவில்லை. மிதியடியைத் தூக்கினோம். செருப்பு அலமாரியை நகர்த்தினோம். அண்ணன் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். நான் பெருக்கினேன். நான்கு வருடமாக அந்த வாசலை நான்தான் பெருக்குகிறேன். ஒரு ஊசிகூட அங்கே தொலையாது.

போனது போகட்டும், செய்ததைச் செய்தேன் என்று சொல்லியிருந்தால் மதித்திருப்பேன். வாசகர்களுக்கு அழகாக நிற்பது வேறு, என்னிடம் கதை சொல்வது வேறு. நான் கதை எழுதுகிறவள்.

அறுபதாம் இதழில் அவள் எரிவாள். ஆசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கதாசிரியை


மார்ச் 20

சின்னவளுக்கு,

சாவியை உள்ளே தள்ளினேன். இதற்குச் சாட்சி கிடையாது. நீ நம்பாவிட்டால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எரிகிற பக்கத்தை எழுதி அனுப்பு. ஸ்கிரிப்ட் எப்படியோ அப்படியே வரைந்து தருகிறேன். நடுக் கட்டம் இருக்காது. அதற்குப் பிறகு வேறு ஓவியரைப் பார்த்துக்கொள்ளச் சொல். என்னால் ஏணியை மட்டும் வரைந்துகொண்டிருக்க முடியாது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏன் கிளம்பினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உன் அண்ணன் கெட்டவர் இல்லை. கையை ஓங்கியதில்லை. ஏதோ ஒரு சண்டையில் என்னோடு பேசுவதை நிறுத்தினார், நானும் நிறுத்தினேன், அது இரண்டு வருடம் ஓடியது. நடுவில் மகள் இருந்தாள். "உங்கம்மாகிட்ட சொல்லு", "உங்கப்பாகிட்ட சொல்லு." ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு அவள்தான் வசனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

ஒருநாள் அவள் வந்து, "அம்மா, நீ போட்ட படம் நல்லா இருக்குன்னு அப்பா சொன்னார்" என்றாள். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் காலையிலேயே வேலைக்குப் போயிருந்தார். வீட்டிலேயே இல்லை. அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். ஒரு வருடமாக எனக்கு வந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் அவள் எழுதியவை. அவருக்கும் அப்படித்தான் போயிருக்கும். இரண்டு பேருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை வசனம் எழுதிக்கொண்டிருந்தாள்.

யாராவது ஒருவர் போனால்தான் அவளுக்கு அந்த வேலை நிற்கும் என்று தோன்றியது. முந்தின நாள், என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். "நான் வந்துட்டா அப்பாகூட யாரும்மா பேசுவாங்க" என்றாள். மறுநாள் தனியாகக் கிளம்பினேன். தப்பாகக் கூட இருக்கலாம் நான் செய்தது. தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டுமோ என்று ஒவ்வொரு பக்கம் வரையும்போதும் நினைக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி,

போட்டிக்கு வந்த கடிதங்களை மூட்டையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேல். தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. போன சனிக்கிழமையிலிருந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெயரோ முகவரியோ இல்லாமல் ஒன்று இருந்தது. கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். முதல் வரியிலேயே கையெழுத்து தெரிந்துவிட்டது. தினமும் உங்கள் மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து அனுப்புகிற எனக்குத் தெரியாதா? அசலையே இத்துடன் வைத்திருக்கிறேன். வழியில் தொலைந்தால் என்ன செய்வது என்று இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவள் எழுதியபடியே:

"ஆசிரியருக்கு. பூட்டுக்காரியை எல்லாருக்கும் ஏன் பிடிக்குதுன்னு போன இதழ்ல கேட்டிருந்தீங்க. மத்தவங்களுக்கு எப்படின்னு தெரியலை. எனக்கு அவங்க நிக்கிறதாலதான் பிடிக்கும். ஏணிக்காரர் வேலை முடிஞ்சா உடனே போயிடறார். அவங்க மட்டும் கதவுகிட்ட கொஞ்ச நேரம் நிக்கிறாங்க. உள்ள இருக்கறவங்களுக்கு அது தெரியும். கதவுக்கு அடியில காலோட நிழல் தெரியும்.

அந்த பலூன்ல யாரும் எதுவும் எழுத வேண்டாம். அவங்க ஒண்ணும் சொல்லலை. நான் கதவுல காது வச்சுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ரொம்ப நேரம் கேட்டேன். சொல்லாததை எழுதினா அது பொய். நான் முன்னாடி நிறைய அப்படிச் சொல்லியிருக்கேன், இப்ப சொல்றதில்லை.

சாவியை உள்ள தள்ளினாங்க. நான்தான் எடுத்தேன். யார்கிட்டயும் சொல்லலை. சாவி இல்லேன்னா அவங்களே வந்து திறக்கணும்னு நினைச்சேன். பூட்டுக்கடைக்காரர் உடைச்சுட்டார். அதுக்கப்புறம் சொல்ல பயமா இருந்தது. சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. பொய்யில்லைன்னு தெரியறதுக்குக் கீழ வரைஞ்சிருக்கேன். எனக்குப் பரிசு வேண்டாம். சாவி வேணும்னா அவங்க வந்து வாங்கிக்கலாம்."

கீழே, சாவியைத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறாள். பல் மூன்றும் சரியாக விழுந்திருக்கிறது. உங்கள் பிள்ளை அல்லவா?

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவள் பள்ளிக்குப் போன பிறகு அறைக்குள் போனேன். தேட வேண்டும் என்று போனவள், தேடவில்லை. மேஜையில் நோட்டுகள் இருந்தன. பத்திரிகையைக் கிழித்து அட்டை போடுகிறாள் என்று உங்களுக்குக் குத்தலாக எழுதினேன். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். படம் உள்பக்கமாகத் திருப்பி வைத்து மடித்திருக்கிறாள். ஒன்பது நோட்டிலும் நடுக் கட்டம் இருக்கிற பக்கம்தான்.

அண்ணனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் திரும்பி வந்து அவளிடம், "உனக்கும் சேர்த்து டீ போடட்டுமா?" என்று கேட்டான். இந்த வீட்டில் அவன் டீ போட்டு நான் பார்த்ததில்லை. சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டான். அவள் முழுவதையும் குடித்தாள்.

உங்களைப் பொய் சொல்கிறவள் என்று எழுதியிருக்கிறேன். நான்கு வருடமாக ஊர் முழுக்க விற்கிற பத்திரிகையில் வேறு எழுதியிருக்கிறேன். வாசகர்களுக்கு அவளை ஏன் பிடித்துப்போனது என்று இப்போது விளங்குகிறது. நான் ஆத்திரத்தில் ஒருத்தியை எழுதினேன், நீங்கள் பதில் பேசாமல் ஒருத்தியை வரைந்தீர்கள். அவர்களுக்கு இரண்டும் ஒரே ஆளாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் அண்ணி. எண்பது பேர் அந்தப் பலூனுக்குள் எழுதிய சொல் என்னிடமிருந்து வர வேண்டியது.

எரிகிற பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அறுபதாம் இதழின் கடைசிப் பக்கத்துக்கு ஸ்கிரிப்ட் ஒரே வரி: 'கதவு. அதன் முன்னால் அவள்.' எத்தனை கட்டம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு அடுத்த வாரம் விடுமுறை.

சின்னவள்


ஏப்ரல் 15

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. வரைந்துகொண்டிருந்த இதயத்தை அப்படியே மேஜையில் விட்டுவிட்டேன். பாடப்புத்தகக்காரர்கள் இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார்கள்.

என்னிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். அன்றைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றபோது, அந்தப் பக்கம் அவளும் நின்றிருக்கிறாள். நடுவில் ஒரு பலகைதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்காது என்று நினைத்துத்தான் சொல்லாமல் போனேன். நான்கு வருடமாக அந்தக் கட்டத்தை வெளியிலிருந்து மட்டும் வரைந்திருக்கிறேன்.

பலூனை அவள் சொன்னபடியே விட்டுவிடு. போட்டியில் யாருக்கும் பரிசில்லை என்று ஆசிரியரிடம் சொல்லிவிடு, அவர் கொஞ்சம் குதித்துவிட்டு அடங்கிவிடுவார்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கடைசிப் பக்கத்தை இந்தத் தடவை தபாலில் அனுப்பவில்லை. அங்கே வந்து, உன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரைகிறேன்.

நான் வருவதை அவளிடம் நீ சொல்ல வேண்டாம். உன் அண்ணன் மூலமாகவும் வேண்டாம். எனக்கும் அவளுக்கும் நடுவில் இனி யாரும் வசனம் தூக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைக்காதே. நான் தட்டுகிறேன். அவளாக வந்து திறக்கட்டும். உடனே திறக்காவிட்டாலும் நீ ஓடிவந்து திறந்துவிடாதே. நான் கொஞ்ச நேரம் நிற்பேன், எனக்கு அது பழக்கம்தான்.

அண்ணி